தலைமாட்டில் முப்பத்தெட்டு

ஜனவரி 5, திங்கள்

பள்ளிக்கூடம் இன்று திறந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்குப்பதிவியலில் ஐந்தொகை நடத்த வேண்டிய நேரத்தில் நான் கட்டிலில் கிடக்கிறேன். கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு ஒரு வாரம். நாலாம் மாதம். மாடிப்படி கூடாது, கனம் தூக்கக் கூடாது, பாத்ரூமுக்குப் போய் வரலாம், மற்றபடி படுக்கைதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

பாளையங்கோட்டையில் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி பக்கத்தில் என்று இவர் பார்த்துப் பிடித்த வீடு. பழைய கட்டடம், நாங்கள் முதல் மாடி. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே தெரு டிரான்ஸ்பார்மர். நாள் முழுக்க உம்மென்று இருக்கிறது. வந்த புதிதில் அதை நான் கவனிக்கவே இல்லை. இப்போது வேறு எதையும் கவனிக்க முடியவில்லை.

“வீடு பிடிக்கும்போது இதைப் பார்த்தீங்களா?” என்று கேட்டேன்.

“பார்த்தேன். கரண்ட் போச்சுன்னா முதல்ல நமக்குத்தான் வரும்” என்றார். சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்.

மத்தியானம் ராஜபாளையத்து அத்தை போனில் பேசினாள். “கரண்டுக் கம்பிக்குப் பக்கத்துல குடியிருந்தா தங்காதும்பாங்க வடிவு” என்றாள். எது தங்காது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜனவரி 7, புதன்

செல்போனிலேயே கதிர்வீச்சை அளக்கலாம் என்று ஒரு ஆப். இலவசம். போட்டுப் பார்த்தேன். அறை நடுவில் நாற்பது. ஜன்னலில் நாற்பத்திரண்டு. கட்டில் கால் பக்கம் கொண்டுபோனதும் தொண்ணூற்றைந்து. ஆப் சிவப்பாகிவிட்டது.

கட்டிலின் அந்தப் பக்கம் படுக்கவில்லை. தரையில் பாய் விரிக்கச் சொன்னேன். தையல் போட்டவள் குனிந்து தரையில் படுக்கக் கூடாது என்று இவர் சண்டை.

எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டேன். எங்கள் பள்ளியில் பதினெட்டு வருடமாக பிசிக்ஸ். “அது போனுக்குள்ள இருக்க திசைகாட்டி, வடிவு. பூமியோட காந்தத்தைக் காட்டுது. உன் கட்டில் கால் இரும்பு, அதனால ஏறுது. கரண்ட்ல இருந்து வாரது வினாடிக்கு ஐம்பது தடவை மாறிக்கிட்டே இருக்கும். போனுக்கு அது புடிபடாது” என்றார்.

அப்படியென்றால் எதற்குத்தான் பிடிபடும் என்று கேட்டேன். அதற்கென்று மீட்டர் இருக்கிறது என்றார். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்கே தோன்றியிருக்கும். உடனே பேச்சை மாற்றி, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார்.

ஜனவரி 9, வெள்ளி

மீட்டர் பார்ப்பதிலேயே நாள் போயிற்று. ஆயிரத்துச் சொச்சத்தில் தொடங்கி எங்கள் ஆறு மாத வாடகை வரைக்கும் இருக்கிறது. படத்தில் எல்லாம் ஒன்றுபோல. கீழே வாங்கினவர்கள் எழுதியிருப்பதை எல்லாம் படித்தேன். மூன்று பேர் வெவ்வேறு பெயரில் ஒரே வாக்கியத்தை ஒரே எழுத்துப்பிழையோடு எழுதியிருக்கிறார்கள். ஒருவர், வீட்டில் பேய் இருக்கிறதா என்று பார்க்க வாங்கியதாகவும் இருப்பது உறுதியானதாகவும் எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

கொஞ்சம் மலிவாக, எல்லாவற்றையும் அளப்பேன் என்று சொல்கிற ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன். இவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

மீட்டர் வந்தது. மிக்ஸியைப் பார்த்துக் கத்துகிறது. செல்போனைப் பார்த்துக் கத்துகிறது. நிறுத்தி வைத்த மின்விசிறியைப் பார்த்தும் கத்துகிறது. கையை மாற்றிப் பிடித்தால் எண் மாறுகிறது. கடைசியில் வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தேன். அதற்கும் கத்தியது.

இவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. மீட்டரை வாங்கி அணைத்து அலமாரி மேல் வைத்தார்.

வழக்கம்போல வெந்நீர் போட்டு வைத்திருந்தார். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிக்கக் கூடாது என்பது இவர் சட்டம். விடியற்காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு, நான் எப்போது குளித்தாலும் சூடாக இருக்கட்டும் என்று அணைக்காமலே வேலைக்குப் போய்விடுவார். கோவில்பட்டியில் உரக் கம்பெனி கிடங்கு. போக வர மூன்று மணி நேரம்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல் விடுமுறை என்று எஸ்தர் டீச்சர் பார்க்க வந்தார். கையில் பனங்கிழங்கு. மீட்டரைக் காட்டினேன்.

“எல்லாத்தையும் அளப்பேங்கது எதையும் ஒழுங்கா அளக்காது. இதைத் திருப்பி அனுப்பு” என்றார். “ஐம்பது ஹெர்ட்ஸ்ல எவ்வளவு பிழை இருக்கும்னு எழுதியிருக்கவன்கிட்ட வாங்கு. எழுதாதவன்கிட்ட வாங்காதே. காந்தப் புலம் மட்டும் காட்டினா உனக்குப் போதும்.”

“விலை கூடினது வாங்கினா நல்லா இருக்குமா?”

“விலை கூடினதுல மூணு திசைக்கும் மூணு சுருள் உள்ள இருக்கும். எப்படிப் பிடிச்சாலும் ஒரே கணக்கு. விலை குறைஞ்சதுல ஒரு சுருள்தான். நீ சும்மாதானே கிடக்க? மூணு பக்கமும் திருப்பிப் பாரு. மூணையும் வர்க்கம் பண்ணிக் கூட்டி வர்க்கமூலம் எடு.”

“நான் காமர்ஸ், டீச்சர்.”

“கால்குலேட்டர் இருக்குல்லா.”

இன்னொன்றும் சொன்னார். சிலது மைக்ரோடெஸ்லாவில் காட்டும், சிலது மில்லிகாஸில். ஒரு மைக்ரோடெஸ்லா பத்து மில்லிகாஸ். நாணய மாற்று மாதிரி. பயமுறுத்தி விற்கிறவனுக்குப் பெரிய எண்தான் பிடிக்கும். எது வாங்கினாலும் முதலில் மிக்ஸி, பிரிட்ஜ் என்று தெரிந்த சாமானிடம் ஒரே தூரத்தில் வைத்து இரண்டு மூன்று நாள் பார்க்க வேண்டும். அதே எண் திரும்பத் திரும்ப வந்தால் நம்பலாம்.

“எவ்வளவு வந்தா ஆபத்து?”

கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். உலக அளவில் வைத்திருக்கிற வரம்பு ஆயிரக்கணக்கான மில்லிகாஸ். வீட்டில் அதை யாரும் எட்ட முடியாது. நாலு மில்லிகாஸுக்கு மேல் வருடக்கணக்கில் இருந்த குழந்தைகளைப் பற்றிச் சில ஆராய்ச்சிகள் சந்தேகம் கிளப்பியிருக்கின்றன. இதனால்தான் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

எனக்கு நாலு என்பது மட்டும் மனதில் நின்றது.

போகும்போது வாசலில் இவரிடம் ஏதோ மெதுவாகப் பேசினார். நடுவில் “முந்தின ரெண்டு தடவையும்” என்று காதில் விழுந்தது.

ஜனவரி 21, புதன்

இரண்டாவது மீட்டர் வந்தது. ஒரு சுருள், மில்லிகாஸ், சத்தம் கிடையாது. பிரிட்ஜ் முன்னால் ஒரு சாண் தூரத்தில் மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு ஜன்னல். கம்பியோடு ஒட்டி வைத்தால் மூன்று. அறை நடுவில் ஒன்றுக்கும் கீழே. கட்டிலில் அரை.

நம்ப முடியவில்லை. அவ்வளவு பெரிய டிரான்ஸ்பார்மர், இவ்வளவுதானா? ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய்ப் போய்ப் பார்த்தேன். தூரம் போகப் போகக் குறைகிறது. இவர் ஆறுதலாக “பார்த்தியா” என்றார். இவர் அவ்வளவு சீக்கிரம் நிம்மதி அடைந்ததே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜனவரி 22, வியாழன்

காலையில் விழித்ததும் தலையணைப் பக்கம் வைத்திருந்த மீட்டரைப் போட்டேன்.

முப்பத்தெட்டு.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கணக்குப் போட்டால் நாற்பதுக்கு மேல். ஜன்னலில் அதே மூன்று. தலைமாட்டுச் சுவரில்தான் இருக்கிறது. இவரைக் கூப்பிட்டேன். சோப்பு முகத்தோடு வந்தார். அவர் வந்து நின்றபோது அரைக்கு இறங்கியிருந்தது.

“மீட்டர்ல கோளாறு இருக்கும்” என்றார்.

ஜனவரி 25, ஞாயிறு

கோளாறு இல்லை. ஏறுகிறது, இறங்குகிறது. கொஞ்ச நேரம் நாற்பதுக்குப் பக்கம், பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, திடீரென்று மறுபடியும். யாரோ எதையோ போட்டுப் போட்டு அணைப்பதுபோல. சுவரின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, இன்னும் கூடுதல்.

கீழே இருந்து வருகிறது.

கீழ்வீட்டில் இருப்பவர் சூசைராஜ். ஐம்பது வயதிருக்கும். சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறார். பெரும்பாலும் வண்டி வாசலிலேயே நிற்கிறது. ஜன்னல்களுக்குக் கனமான திரை, பகலிலும் திறப்பதில்லை. நாங்கள் பால் காய்ச்சிய அன்று எதிர்க்கடைப் பையனிடம் பாயசம் கொடுத்தனுப்பினேன். கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டாராம், உள்ளே வா என்று சொல்லவில்லையாம். தரையில் காதை வைத்தால் ஒரு இரைச்சல் கேட்கிறது. உஸ்ஸென்று, விட்டு விட்டு. வேலை செய்யாத ஆளுக்கு வீட்டுக்குள் என்ன மெஷின்?

ஜனவரி 29, வியாழன்

இவர் போனில், அடுக்களையில், தாழ்ந்த குரலில்: “அவளுக்குத் தெரிய வேண்டாம். நான் பார்த்துக்கிடுதேன். நீங்க திரையை மட்டும் போட்டே வையுங்க.”

யார் என்று கேட்டேன். கிடங்கு ஆள் என்றார். கிடங்கில் எதற்குத் திரை?

ஜனவரி 30, வெள்ளி

ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். போன தடவையும் இந்த ஸ்கேனில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தோசை. தேங்காய்ச் சட்னி. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து மின்தடை. மீட்டர் எங்கே வைத்தாலும் சைபர். டிரான்ஸ்பார்மரும் ஊமை. ஊரே ஊமை. கீழே மட்டும் ஒரே பரபரப்பு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். சூசைராஜ் வண்டியிலிருந்து ஆள் நெஞ்சுயர இரும்பு சிலிண்டர் ஒன்றை உருட்டி இறக்கி, நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அவசர அவசரமாக உள்ளே கொண்டுபோனார்.

வெல்டிங். இல்லாவிட்டால் அதைவிட மோசமான ஏதோ. என் கட்டிலுக்கு நேர் கீழே. இவருக்கும் அது தெரியும்.

பெங்களூரில் இருக்கிற ஹவுஸ் ஓனருக்குப் போன் செய்தேன். கீழே மெஷின் வைத்து ஏதோ தொழில் நடக்கிறது, கேஸ் சிலிண்டர் ஏற்றி இறக்குகிறார்கள், நான் மாசமாக இருக்கிறவள் என்று சொன்னேன். வகுப்பில் பேசுகிற மாதிரி தெளிவாகப் பேசினேன்.

இவரிடம் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்லாமல் வைத்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். சூசைராஜ் மேலே வந்தார். செருப்பை வாசலுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு, படுக்கையறை நிலைக்கு அந்தப் பக்கமே நின்றார். இவர் பின்னாலேயே வந்தார், முகம் செத்திருந்தது.

“மேல் வீட்டுல இருந்து புகார்னு ஓனர் காலி பண்ணச் சொல்லிட்டாரு டீச்சர்” என்றார் சூசைராஜ். கோபம் இல்லை. “நாங்க என்ன தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்.”

மீட்டரைக் காட்டினேன். என் தலைமாட்டில் நாற்பது வருகிறது, உங்கள் மெஷினால்தான் வருகிறது என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். பிறகு சூசைராஜே சொன்னார். வீட்டுக்காரி பேர் பிலோமினா. நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி. தூத்துக்குடியில் இருந்தபோது, இருமலைக் கேட்டு டி.பி. என்று அக்கம்பக்கத்தில் பேசி, ஒரு வாரத்தில் வீட்டைக் காலி பண்ண வைத்துவிட்டார்கள். அதனால் இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உஸ்ஸென்று கேட்பது ஆக்சிஜன் மெஷின். கரண்ட் போனால் சிலிண்டர்.

“உங்க சாருக்கு மட்டும் தெரியும். வீடு பார்க்க வந்த அன்னைக்கே சொல்லிட்டேன்” என்றார்.

“நீ நுரையீரல்னு கேட்டாலே பயந்துருவ வடிவு” என்றார் இவர். “ஏற்கெனவே ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுக் கிடக்க.”

சூசைராஜ்தான் கையை நீட்டினார். “அந்த மீட்டரைக் கொடுங்க. மெஷின்ட்ட வச்சுப் பார்ப்போம். உங்க பிள்ளைக்கு அதனால ஒண்ணு ஆகும்னா நான் அதைத் தள்ளி வைக்கேன். நிப்பாட்டத்தான் முடியாது.”

அவர் கீழே போனார். என் போனில் லைனிலேயே இருந்தார். எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படித் திருப்ப வேண்டும் என்று கட்டிலில் கிடந்தபடி சொன்னேன். மெஷினை ஒட்டி வைத்தால் பன்னிரண்டு. ஒரு முழம் தள்ளினால் ஒன்று. கூரைக்கு உயர்த்தினால் ஒன்றும் இல்லை.

“எங்கேயாவது கூடுதலா வருதா, நடந்து பாருங்க” என்றேன். எனக்கு அப்போதும் சந்தேகம் போகவில்லை.

செருப்புச் சத்தம். கதவுச் சத்தம். பிறகு, “பாத்ரூம்ல வருது டீச்சர். குழாய் கிட்ட அறுபது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தக் குழாய்தான். ஈரக்கையோட தொட்டா சுர்ருங்கும். ஒரு மாசமா பிலோமியை நான் தொட விடறதில்லை. வாளியில பிடிச்சு வச்சிருதேன்.”

இவருடைய போனில் எஸ்தர் டீச்சரைக் கூப்பிட்டேன். முழுதும் கேட்டார். “வடிவு, போற கம்பியும் வாற கம்பியும் பக்கத்துல பக்கத்துல ஓடினா ரெண்டோட காந்தமும் ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கிடும். வெளியில ஒண்ணும் தெரியாது. இவ்வளவு தெரியுதுன்னா, போன கரண்ட் போன வழியில திரும்பலை. குழாய் வழியாத் திரும்புது.”

பற்று எழுதினால் வரவு எழுத வேண்டும். டாலி ஆகவில்லையென்றால் வேறு எங்கேயோ விழுந்திருக்கிறது. இது எனக்குப் புரிந்தது.

“அந்தக் குழாய் மேல இருந்து உன் தலைமாட்டுச் சுவர் வழியாத்தானே இறங்குது? உங்க வீட்டுல இப்போ என்ன ஓடுது?” என்றார் டீச்சர்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் பாத்ரூம் வாசலில் எரிகிற சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய் ஹீட்டர் சுவிட்சை அணைத்தார்.

“இப்போ எவ்வளவு?” என்று கீழே கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல டீச்சர்.”

இவர் மறுபடி போட்டார்.

“அறுபது.”

அணைத்தார்.

“ஒண்ணும் இல்ல.”

மூன்றாவது தடவை போட இவர் கை போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மார்கழிப் பிறப்பில் ஹீட்டர் வேலை செய்யவில்லையாம். திறந்து பார்த்திருக்கிறார். திரும்பி வருகிற கருப்புக் கம்பி சுவருக்குள் எங்கேயோ அறுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியன் இரண்டு நாள் கழித்துத்தான் வருவேன் என்றிருக்கிறான். எர்த்துக்கான பச்சைக் கம்பியில் சேர்த்துப் பார்த்திருக்கிறார், வேலை செய்திருக்கிறது. பச்சைக் கம்பியை இந்தப் பழைய வீட்டில் தண்ணீர்க் குழாயோடு கட்டியிருப்பது இவருக்குத் தெரியாது.

“உனக்கு வெந்நீர் வேணும்லா” என்றார்.

போனில் சூசைராஜ் இன்னும் இருந்தார். எல்லாம் கேட்டிருப்பார். “சார், விடுங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலைலா” என்றார்.

பிப்ரவரி 9, திங்கள்

எலக்ட்ரீஷியன் வந்து புதுக் கம்பி இழுத்தான். கசிவு வந்தால் தானே விழுந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றும் வைத்தான். எங்கள் குழாயைத் தொட்டால் எனக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டேன். எங்கள் பாத்ரூமில் போன வருடம்தான் பிளாஸ்டிக் குழாய் மாற்றியிருக்கிறார்களாம். கீழே பழைய இரும்புக் குழாய். நம் வீட்டில் இருந்த கோளாறு அங்கே சுர்ரென்றிருக்கிறது.

தலைமாட்டில் அரை.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஹவுஸ் ஓனரைக் கூப்பிட்டேன். தவறு எங்கள் வீட்டு ஹீட்டரில், கீழே தொழில் எதுவும் இல்லை என்றேன்.

“அது இருக்கட்டும்மா. சிலிண்டர் எதுக்குன்னு நான் கேட்ட பிறகுதான் சூசைராஜ் சொன்னாரு. வியாதிக்காரங்க இருக்காங்கன்னு என்கிட்ட யாரும் சொல்லலையே. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா வீட்டுக்குப் பேர் கெட்டுரும்” என்றார்.

என் போன் இல்லாவிட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது.

“அப்போ நாங்களும் காலி பண்ணுதோம்” என்றேன். “அடுத்து வாரவங்ககிட்ட இரும்புக் குழாயில கரண்ட் வந்த கதையையும் சொல்லிட்டுத்தான் போவேன்.”

பிறகு, பார்ப்போம் என்றார். இவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்த உடம்போடு எந்த வீட்டுக்குப் போவாய் என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 14, சனி

காலி பண்ண வேண்டாம் என்று ஓனர் சூசைராஜிடம் சொல்லிவிட்டாராம். கீழேயிருந்து கருவாட்டுக் குழம்பு வந்தது. எனக்கு வாடை ஆகவில்லை. இவர் சட்டி முழுக்கத் தின்று தீர்த்தார். இரண்டு மாதமாக இவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

இப்போதெல்லாம் பகலில் பிலோமி அக்கா போன் பண்ணுகிறாள். மூச்சு இல்லாததால் சின்னச் சின்ன வாக்கியம். நாலு சொல், ஒரு நிறுத்தம். நான் மேலே படுத்துக் கிடக்கிறேன், அவள் நேர் கீழே படுத்துக் கிடக்கிறாள். நடுவில் ஒரு தளம்.

“என்ன செய்யுத?” என்பாள்.

“கிடக்கேன்.”

“நானுந்தான்.”

இன்னும் நேரில் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்த்தாளாம். பிள்ளைகள் இல்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எத்தனையாவது என்று அவளும் கேட்கவில்லை.

மீட்டரைப் பள்ளிக்கூட லேபுக்கு வைத்துக்கொள்ளும்படி எஸ்தர் டீச்சரிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். அன்றைக்குத் தூங்கவில்லை.

ஏப்ரல் 21, செவ்வாய்

காலையிலிருந்து அசைவு இல்லை.

இனிப்பாகச் சாப்பிட்டேன். இடது பக்கம் திரும்பிப் படுத்தேன். குளிர்ந்த தண்ணீர் குடித்தேன். இல்லை. இவருக்குப் போன் போட்டேன், கிடங்குக்குள் சிக்னல் கிடைக்கவில்லை. பிலோமி அக்காவைக் கூப்பிட்டு, “அக்கா, அசைய மாட்டேங்குது” என்றேன்.

சூசைராஜ் ஒரே மூச்சில் மேலே வந்தார். எதிர்க்கடைக்காரரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்து இரண்டு பேருமாகப் படியிறக்கினார்கள். லோடு வண்டியில் முன்சீட். வேகத்தடை ஒவ்வொன்றிலும் நிறுத்தி நிறுத்தி ஏற்றினார். வழியில் அவர் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எதையாவது வேண்டிக்கொண்டால் நடக்காமல் போய்விடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

துடிப்பு இருந்தது. அறை முழுக்கக் கேட்டது. குழந்தை தூங்கியிருக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். கண்காணிப்புக்கு மாலை வரை வைத்துக்கொண்டார்கள். இவர் கோவில்பட்டியிலிருந்து வந்து சேரும்வரை சூசைராஜ் வராந்தாவிலேயே நின்றார்.

ஏப்ரல் 22, புதன்

நேற்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது தெருவில் கரண்ட் போயிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல். இவர்தான் சொன்னார், கடைக்காரர் சொல்லித் தெரிந்ததாம்.

பிலோமி அக்காவைக் கூப்பிட்டேன். ஆமாம் என்றாள். மெஷின் நின்றதும் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சிலிண்டர் இருக்கிற மூலைக்குப் போயிருக்கிறாள். திருகைத் திறக்கக் கையில் பலம் இல்லை. புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்துத் திறந்தாளாம்.

“ஏன் அக்கா, அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்லா?”

“போட்டா,” நிறுத்தினாள், “திரும்பி வந்துருவாருல்லா. உன்னை நடுரோட்டுல,” மறுபடி நிறுத்தினாள், “விட்டுட்டு.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. கீழே மெஷின் ஓடுவது போனிலும் கேட்டது, தரை வழியாகவும் கேட்டது.

மே 18, திங்கள்

வெயில். மோர். நீச்சத்தண்ணி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 8, திங்கள்

பெண். வெள்ளிக்கிழமை மத்தியானம். இரண்டரைக் கிலோவுக்கு ஒரு பிடி கூடுதல். அழுதாள். நன்றாக அழுதாள். இவர் வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாராம், எஸ்தர் டீச்சர் சொன்னார்.

ஜூன் 14, ஞாயிறு

வீட்டுக்கு வந்தோம். படியேறும் முன்னால் கீழ்வீட்டில் நின்றேன். கதவு முழுசாகத் திறந்திருந்தது.

பிலோமி அக்காவை முதல்முறை பார்த்தேன். நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். தலையணை மூன்று அடுக்கி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் மெல்லிய குழாய். நான் உள்ளே வந்ததும் கையால் போதும் என்று காட்டினாள்.

“அங்கனேயே நில்லு. பார்த்துட்டேன்லா. பச்சப்பிள்ள.”

நான் நிற்கவில்லை. போய் அவள் மடியில் வைத்தேன்.

“என் வியாதி ஒட்டிக்கிடும்னு,” மூச்சு வாங்கினாள், “பயமா இல்லையா உனக்கு?”

“ஒட்டாது. டாக்டரம்மாட்ட பிப்ரவரியிலேயே கேட்டுட்டேன்.”

இதை நான் இங்கேகூட எழுதவில்லை. அவர்கள் யார் என்று தெரிந்த மறுநாளே, வயர் மாட்டிக்கொண்டிருந்தபோதே, இவர் இல்லாத நேரம் பார்த்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். குழம்பு வாங்குவதற்கு முன்னால். அக்கா என்று கூப்பிடுவதற்கு முன்னால்.

“அப்பவேவா?” என்றாள். சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, சூசைராஜ் ஓடி வந்து முதுகைத் தடவினார். இருமல் அடங்கிய பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“நல்லவேளை, கேட்ட” என்றாள். “நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்.”

பிள்ளை கையை விரித்து எதையோ தேடியது. அந்தக் குழாய்தான் அகப்பட்டது. இறுக்கிப் பிடித்துக்கொண்டது. நான் பதறி விரலைப் பிரிக்கப் போனேன்.

“இருக்கட்டும்” என்றாள் பிலோமி அக்கா. “காத்து வந்துக்கிட்டுத்தான் இருக்கு.”